பிளாஸ்டிக்குக்குள் போன போலந்துக் கடிதம்

“உனக்கேன் பிள்ளை போலந்துக்காரன்ரை சண்டை?”

இந்தக் கேள்வியை எத்தனை ஞாயிற்றுக்கிழமை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒஸ்லோவில் எங்கள் தேவாலயத்தில் காலையில் போலந்து மொழிப் பூசை. அது முடியத் தமிழ்ப் பூசை. அவர்கள் வெளியே வரும்போது நாங்கள் உள்ளே போவோம். ஒரே வாசல், ஒரே கார்த் தரிப்பிடம். அவர்கள் விரல் நனைத்த அதே தீர்த்தத் தொட்டியில் நாங்களும் நனைத்துச் சிலுவை போட்டுக்கொள்வோம். ஆனால் இத்தனை வருடத்தில் இரண்டு பக்கமும் வாய் திறந்து கதைத்தது, “உங்கள் காரைக் கொஞ்சம் எடுங்கள்” என்று சொல்வதற்கு மட்டும்தான்.

பூசை முடிந்து கீழ் மண்டபத்தில் தேநீரும் ரோல்சும் சாப்பிடும்போது ஏதாவது ஒரு அங்கிள் என் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போடுவார்.

“எங்கடை சண்டையைப் பற்றி ஒரு துண்டுக் கடுதாசி சேர்த்தனியோ? வெள்ளைக்காரன்ரை தொப்பிச் சின்னத்துக்குப் பின்னாலை திரியிறாய்.”

“சேர்க்கிறதுக்கு நீங்கள் என்னத்தை அங்கிள் விட்டு வைச்சனீங்கள்? படம், கடிதம், எல்லாத்தையும் ஆமிக்குப் பயந்து எரிச்சுப்போட்டுத்தானே வந்தனீங்கள்?”

பெரியவர்களோடு இப்படிக் கதைக்கக் கூடாதாம். அம்மா மேசைக்குக் கீழே என் காலை மிதிப்பார். மிதிக்கட்டும். நான் சேர்ப்பது பிழை என்றால் சேர்க்கிற ஒருவர் வந்து சொல்லட்டும். ஒரு கடுதாசியையும் பாதுகாக்காதவர்கள் எனக்குப் புத்தி சொல்ல வருவதைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை.

இந்தச் சேர்ப்புத் தொடங்கியது நான் துரொண்ட்ஹெய்ம் நகரில் படிக்கிற காலத்தில். கோட்டுக்குப் பொத்தான் தேவைப்பட்டது. பழைய சாமான் கடையில் ஒரு தகரப் பெட்டி நிறையப் பொத்தான் வாங்கினேன். அடியில் முடி சூடிய உலோகக் கழுகு ஒன்று, ஒரு சிறகு வளைந்து கிடந்தது. யாருடைய தொப்பியில் இருந்தது என்று அன்று பின்னேரம் தேடத் தொடங்கினேன். தேடல் இன்னும் முடியவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதாம் ஆண்டு வசந்தத்தில் இந்த நாட்டின் வடக்கே நார்விக்கில் ஜெர்மன்காரரோடு மோதப் போலந்துப் படையணி ஒன்று வந்தது. சொந்த நாடு ஏற்கெனவே பறிபோன ஆட்கள். பலர் பிரான்சின் நிலக்கரிச் சுரங்கங்களுக்குக் கூலி வேலைக்குப் போயிருந்த போலந்துக்காரர். அங்கேயே படையில் சேர்க்கப்பட்டுக் கப்பலில் ஏற்றப்பட்டார்கள். திரும்பிப் போகாதவர்கள் இந்த நாட்டு மண்ணிலேயே கிடக்கிறார்கள். இவர்களுக்கு எங்கள் பள்ளிப் புத்தகம் ஒதுக்கியது ஒரு வரி. ஒரே ஒரு வரி!

அந்த ஒரு வரியின் மேல் வந்த ஆத்திரத்தில்தான் இரண்டு குளிர்காலம் மாலை வகுப்புக்குப் போய்ப் போலந்து மொழி படித்தேன். இப்போது மெதுவாக வாசிப்பேன். எழுதினால் பிழை நிறைய வரும். வேலை முடிந்து வந்தால் படைவீரரின் சம்பளப் புத்தகம், போர்க்களத் தபால், இறந்தவரின் உடைமைப் பட்டியல் இவைதான். ஹவுகன்ஸ்டுவாவில் ஏழாம் மாடியில் உள்ள எங்கள் வீட்டில், என் அறைக் கட்டிலுக்குக் கீழே, தாளில் கறை படியவிடாத பெட்டிகளில் அடுக்கி வைத்திருக்கிறேன்.

போன மாசி மாதம் ஒரு ஞாயிறு, போலந்துப் பூசை முடிந்து வந்தவர்களில் ஒருவர் வாசலில் எனக்காக நின்றார். ஐம்பது வயது கடந்தவர். கட்டடங்களில் தரைக்குப் பிளாஸ்டிக் விரிப்புப் போடுகிற வேலை. முழங்கால் இரண்டும் அதிலேயே தேய்ந்து, நடக்கும்போது சற்றுச் சாய்வார்.

“பழைய போலந்துத் தாள் பார்க்கிற பெண் நீதானா?” என்று நோர்வேஜிய மொழியில் கேட்டார்.

கோட்டின் உட்பையில் இருந்து ஒரு உறையை எடுத்தார். உள்ளே நடுவில் ஒருமுறை மடித்த ஒற்றைத் தாள். தாளின் வெளிப்பக்கம் பிரான்சு விலாசமும் களத் தபால் முத்திரையும். நார்விக்கில் இறந்த தன் தாத்தாவின் கடிதம் என்றார். பாட்டி அதை ஒருவருக்கும் காட்டவில்லை. போர் முடிந்து குடும்பம் போலந்துக்குத் திரும்பி, பாட்டி வேறு கல்யாணம் முடித்து, அவரும் செத்து, இப்போதுதான் மாதா படம் ஒன்றின் சட்டம் உடைந்து, பின் அட்டைக்கு நடுவில் இருந்து இது வந்ததாம். ஈரத்தில் ஒட்டிப் போயிருந்தது. திறந்தால் கிழியும் என்று பயந்து யாரும் திறக்கவில்லை.

“அம்மா போலந்தில் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். இதயம். அதிக நாள் இல்லை என்கிறார்கள். தகப்பன் போகும்போது அம்மாவுக்கு இரண்டு வயது. அவர் கேட்பது ஒரே கேள்வி. இதில் தன்னைப் பற்றி ஏதாவது இருக்கிறதா? அவ்வளவுதான்.”

ஒரு வாரம் தாருங்கள் என்றேன். அந்த ஒரு வாரம் என்ற சொல்லை இப்போது நினைத்தாலும் என் நாக்கைக் கடிக்க வேண்டும் போல இருக்கும்.

ஒட்டின தாளைத் திறக்க அவசரப்படக் கூடாது. மூடியுள்ள பெட்டியின் அடியில் ஈரப் பஞ்சு, அதன் மேல் வலை, வலையின் மேல் தாள். ஈரக் காற்றை மெல்ல மெல்லக் குடித்துத் தாள் தானாக இளகும். பிறகு எலும்புத் தகட்டால் ஓரத்தில் இருந்து நெகிழ்த்தலாம். செவ்வாய்க்கிழமை வேலையால் வந்து எல்லாம் ஆயத்தம் செய்து, கடிதத்தை ஈரம் உறிஞ்சுகிற இரண்டு ஒற்றுத் தாளுக்கு நடுவில் குசினி மேசையில் வைத்தேன். அந்த நேரம் பார்த்துக் கைப்பேசியில் செய்தி வந்தது. ஹவுகெட்டோவில் வீட்டில் இருந்து பழைய படைச் சாமான் விற்கிற ஒருவர். ‘போலந்துச் சம்பளப் புத்தகம், படத்தோடு. முதலில் வருபவருக்கு.’

படத்தோடு! நான் ஓடினேன். கடிதத்தை உள்ளே எடுத்து வைக்கக்கூட நினைக்கவில்லை. ரயிலில் நின்றுகொண்டே போனேன்.

போய்ப் பார்த்தால் புத்தகத்தின் முதல் பக்கத்தில் சதுரமாக ஒரு வெளிறிய இடம், துருப்பிடித்த இரண்டு துளை. படம் பக்கத்தில் தனிப் பிளாஸ்டிக் உறைக்குள் கிடந்தது.

“படத்தோடு என்று எழுதியிருந்தீர்களே?”

“படம் இருக்கிறதே. அது வேறு சாமான். முகங்களை மட்டும் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.”

“இப்போதுதான் பிடுங்கியிருக்கிறீர்கள். துளையில் துருத் தூள் இன்னும் உதிர்கிறது.”

“பெண்ணே, உனக்கு எந்த ஊர்? இதில் உனக்கென்ன வந்தது?”

இந்த வியாபாரத்தில் எனக்குக் கோபம் வராத நாள் இல்லை. ஒரு மனிதனின் தொப்பிச் சின்னம் ஒருவனுக்கு, முகம் இன்னொருவனுக்கு, பெயர் மூன்றாமவனுக்கு. நான் பிறந்தது ஒஸ்லோவில், உங்களுக்கு வெட்கம் என்கிற சாமான் இருந்தால் அதையும் பிரித்து விற்பீர்கள் என்று சொல்லிவிட்டு, ஒன்றும் வாங்காமல் கதவை அடித்துச் சாத்தி வந்தேன். ரயில் முழுக்க அந்த ஆளைத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

குசினி மேசையில் ஒற்றுத் தாள் இரண்டும் தனியாகக் கிடந்தன. அப்பா சுவர்ப் பக்கம் நின்று எதையோ வெளிச்சத்தில் பிடித்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அது மினுங்கியது.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் வக்த்மெஸ்தர். கதவு, விளக்கு, தண்ணீர்க் குழாய் எல்லாம் பார்க்கிற ஆள். தாளைப் பிளாஸ்டிக்குக்குள் வைத்துச் சூட்டில் ஒட்டுகிற, பள்ளிக்கூடம் கழித்த லமினேட் மெஷின் ஒன்றைத் திருத்தி வீட்டுக்குக் கொண்டுவந்து வருடக்கணக்காகிறது. எங்கள் ஞானஸ்நானச் சான்றிதழ்கள், அகதி அனுமதிக் கடிதம், அம்மாவின் செபமாலை மன்றாட்டு, காலாவதியான பஸ் அட்டை என்று இந்த வீட்டில் சூடு படாத தாள் இல்லை. என் பட்டச் சான்றிதழையும் செய்தார். அதன் மேல் முத்திரை குத்த முடியாதென்று அலுவலகத்தில் திருப்பி அனுப்ப, நான் புதுப் பிரதிக்கு அலைந்தேன். கேட்டால் கடல் கடந்த கதையைச் சொல்வார். தீவில் இருந்து வள்ளத்தில் தப்பி வந்தபோது அவருடைய தமையன் இடுப்பில் கட்டியிருந்த பிறப்புச் சான்றிதழ் நனைந்து மை முழுக்க ஓடிவிட்டதாம். அதற்குப் பிறகு அந்த மனிதனுக்கு வயதே இல்லாமல் போய்விட்டதாம். எங்கள் ஆட்களின் வீடுகளில் தாள் என்றால் முதல் நினைவு தண்ணீர்தான். நான் அந்தக் கதையை நூறு முறை கேட்டுவிட்டேன்.

“என்னப்பா செய்தனீங்கள்?”

“பாதுகாத்தனான். ஓரமெல்லாம் உதிருது பிள்ளை. நீ உப்பிடியே போட்டிட்டு ஓடிட்டாய், கொம்மா அதிலை வைச்சு வெங்காயம் வெட்டப் பாத்தவ. பார், ஒரு குமிழ்கூட இல்லை.”

“அதுக்குள்ளை கடிதம் இருக்கு!”

“ஓம், கடிதந்தானே. அதைத்தானே ஒட்டினனான்.”

“மடிச்சுக் கிடந்ததப்பா! எழுத்து உள்ளுக்கை. இன்னும் ஒருத்தரும் வாசிக்கேல்லை!”

அப்பா திருப்பிப் பார்த்தார். “வெளியிலையும் எழுத்துக் கிடக்கே.”

“அது விலாசம்!”

அப்பா விலாசத்தைப் பெருவிரலால் தடவினார். நான் கத்தினேன். அவருடைய மெஷினை, அவருடைய கடலை, அவருடைய தமையனைக்கூட விடவில்லை. அம்மா குறுக்கே வந்தார்.

“கத்தாதை. பேந்து கீழ்வீட்டுக்காரி நிர்வாகத்துக்கு எழுதுவாள்.”

“எழுதட்டும்! எழுதிப்போட்டு இவரிட்டைக் குடுக்கட்டும், இவர் ஒட்டித் தருவார்!”

அடுத்த நாள், தாள் பராமரிப்பில் தேர்ந்த ஒருவருக்குத் தொலைபேசி எடுத்தேன். பிரிக்கலாம், மருந்து இருக்கிறது, ஆனால் மெதுவாகச் செய்ய வேண்டும் என்றார். வரிசையில் நின்றால் மூன்று மாதம். படிவம் அனுப்பு. மூன்று மாதம்! தரைவிரிப்புக்காரருக்குச் சொல்ல எனக்கு அன்று துணிவு வரவில்லை. வியாழக்கிழமை அவரே எடுத்தார். தாய் நேற்றும் கேட்டாராம்.

சொன்னேன். அவர் கேட்டது இதைத்தான்:

“பிளாஸ்டிக்கின் தடிப்பு எத்தனை மைக்ரோன்?”

எனக்கு என்ன தெரியும். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த அப்பா குரல் கொடுத்தார். “நூற்றி இருபத்தைஞ்சு எண்டு சொல்லு.”

சனிக்கிழமை மத்தியானம் தரைவிரிப்புக்காரர் வேலைக் காற்சட்டையோடும் கருவிப் பெட்டியோடும் வந்தார். அப்பாவுக்குக் கை கொடுத்தார். இரண்டு பேரும் மேசையில் குனிந்து அந்தப் பிளாஸ்டிக்கைத் தட்டினார்கள், வளைத்தார்கள், மெஷினின் சூடு எத்தனை என்று கதைத்தார்கள். ஒருவருக்கும் கோபமில்லை! எங்கள் வீட்டில் கோபப்பட்டது நான் ஒருத்திதான். அந்தத் தனிமை இன்னும் எரிச்சலாக இருந்தது.

“மேலே மடிப்புப் பக்கத்தை விட்டுவிடலாம். மற்ற மூன்று ஓரமும் வெட்டினால் புத்தகம் போலத் திறக்கும்,” என்றார் அவர். “இடதும் கீழும் ஒரு நூல் அளவு போதும். வலது பக்கந்தான் கூடாது. பார், நிறம் மாறியிருக்கிறது.”

வலது ஓரம் ஏற்கெனவே பூச்சி அரித்தது. அந்த இடைவெளியால் உருகிய பசை தாளின் இரண்டு பாதிக்கும் நடுவில் இறங்கி, இரண்டு விரல் அகலத்துக்கு எல்லாவற்றையும் ஒரே கட்டியாக்கியிருந்தது.

“வெட்ட வேண்டாம்,” என்றேன். “மூன்று மாதம் பொறுத்தால் முழுக் கடிதமும் கிடைக்கும். அந்த ஓரமும் கிடைக்கும்.”

“யாருக்கு?” என்று கேட்டார்.

கேட்டபடியே கொக்கி போல வளைந்த கத்தியை எடுத்துவிட்டார். அப்பா இரண்டு கையாலும் பிளாஸ்டிக்கை அமத்திப் பிடித்தார்.

“பிள்ளை, தொழில் தெரிஞ்ச மனுசன். விடு.”

“நீங்கள் கதைக்காதேங்கோ அப்பா!”

கத்தி ஒரே இழுப்பாகப் போனது. வலது ஓரம் ஒரு நீளக் கீற்றாக மேசையில் விழுந்தது. பிறகு அவர் நகத்தைக் கொடுத்து மெல்ல விரிக்க, உலர்ந்த தோல் உரிவது போலச் சத்தம் கேட்டது. திறந்தது. உள்ளே பென்சில் எழுத்து, பொடிப் பொடியாக, வரி வரியாக. மடிப்பில் அந்தத் தாள் எப்போதோ இற்றுப்போயிருந்தது. வெளியே ஒட்டிய பிளாஸ்டிக்தான் இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்திருந்தது.

“பாத்தியே,” என்றார் அப்பா. “இது இல்லாட்டித் தூளாப் போயிருக்கும்.”

அது உண்மையாக இருக்கலாம். அதற்காக அவரை நான் மன்னிக்கவில்லை.

தரைவிரிப்புக்காரர் போலந்துக்கு அழைத்தார். கைப்பேசியை மா போட்டு வைக்கிற தகரத்தில் சாய்த்து வைத்தார். திரையில் வெள்ளைத் தலையணையும் ஒரு சிறிய முகமும். அந்தப் பக்கம் கைப்பேசியைப் பிடித்திருந்தது அவருடைய தங்கை. தாய்க்குக் காது மந்தம். அவர் உரக்க வாசித்தார். நான் பக்கத்தில் இருந்து, பின்பு தாளோடு ஒப்பிடுவதற்காக, காதில் விழுந்ததை விழுந்தபடி ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போனேன்.

பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. கப்பலில் எல்லோரும் சத்தி எடுத்தார்களாம். இங்கே இரவு வருவதே இல்லையாம், நித்திரை கொள்ள முடியவில்லையாம். அடுப்புக் குழாயை மழைக்கு முன் யாரையாவது பிடித்துத் திருத்து. உன் தம்பியை நம்பாதே. ஒவ்வொரு வரியும் வலது பக்கம் போகும்போது அறுந்தது. அவர் அந்த இடங்களில் ஒரு கணம் நின்று அடுத்த வரிக்குப் போனார். தாய் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கீழ்ப்பாதியில் அந்த இடம் வந்தது. நான் அவருக்கு முன்னமே கண்டுவிட்டேன். ‘சின்னவளிடம் சொல், நான்’. அவ்வளவுதான். அதோடு தாள் முடிந்தது. அடுத்த வரி, ‘சப்பாத்து மட்டும் நல்லது, பிரெஞ்சுக்காரர் தந்தது’ என்று தொடங்கியது.

இந்த இடத்தில் அவர் நிற்கவில்லை.

“சின்னவளிடம் சொல், நான் வரும்போது அவளுக்கு ஒரு சோடி சிவப்புச் சப்பாத்து கொண்டு வருவேன், வார் வைத்தது,” என்று மூச்சு விடாமல் வாசித்தார். “என் சப்பாத்து மட்டும் நல்லது, பிரெஞ்சுக்காரர் தந்தது.”

என் கை எழுதிக்கொண்டே இருந்தது. எழுதி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஏறிட்டுப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குக் காது சுட்டது. எண்பத்தைந்து வருடம் ஒளித்துக் கிடந்து வந்த ஒரு தாள். அதில் இல்லாததை இருக்கிறதாக வாசிக்கிறார், என் மேசையில், என் கண்ணுக்கு முன்னால். ஹவுகெட்டோ ஆளாவது இருந்ததைத்தான் பிடுங்கினான். இவர் இல்லாததை ஒட்டுகிறார். வாயைத் திறந்தேன்.

அதற்கு முன் திரையில் இருந்து குரல் வந்தது. மெல்லிய, கரகரத்த குரல்.

“இன்னொருதரம். சின்னவள் என்ற இடம்.”

“சின்னவளிடம் சொல், நான்,” என்று தொடங்கியவர் நின்றுவிட்டார்.

மறந்துவிட்டார். சிவப்பா, நீலமா, வார் வைத்ததா, மணி வைத்ததா. தாளை உற்றுப் பார்த்தார், அங்கே ஒன்றும் இல்லை. காய்ப்பேறிய பெருவிரல் பிளாஸ்டிக்கை அழுத்திப் பிடித்திருந்தது. தங்கை, “என்ன, வாசிக்க முடியவில்லையா?” என்றாள். தாய் கண்ணைத் திறந்தார். அவர் என் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையை நான் விளக்கப் போவதில்லை.

கொப்பியைத் திருப்பி அவருக்கு முன்னால் தள்ளினேன். அந்த வரியின் கீழே விரலை வைத்தேன்.

என் எழுத்துப் பிழைகளோடு அவர் அதை வாசித்தார். அதே சொற்கள், அதே சிவப்பு. தாய் மூன்றாம் தரமும் கேட்டார். நாலாம் தரம் தானே சொன்னார், வாயை மட்டும் அசைத்து. பிறகு மகளிடம் ஏதோ கேட்டார். தங்கை அழுதுகொண்டே சிரித்து, “தகப்பனுக்குத் தன் கால் அளவு எப்படித் தெரிந்தது என்று கேட்கிறார்,” என்றாள்.

அழைப்பு முடிய அம்மா தேத்தண்ணி வைத்தார். போலந்து விளங்காத அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நல்லதாத்தானே எழுதியிருக்கிறார் போலை,” என்றார். நான் மேசையில் கிடந்த கீற்றை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். சாம்பல் கோட்டுக்கு மேல் சாம்பல் கோடு. உண்மையாக எழுதியது நாலோ ஐந்தோ சொல், அதற்குள் எங்கேயோ கிடந்தது. யாராலும் பிரிக்க முடியாது. அந்தத் தாத்தா என்ன எழுதினாரோ. ஒருவேளை சப்பாத்தைவிட நல்லது. ஒருவேளை இருமலுக்கு மருந்து கொடு என்பது.

“அது பொய்,” என்றேன் தரைவிரிப்புக்காரரிடம்.

“ஆமாம்,” என்றார். கருவிப் பெட்டியை மூடினார். “அந்தக் கொப்பித் தாளையும் தருவாயா? நாளைக்கும் கேட்பார்.”

நான் பென்சிலை எடுத்தேன். அந்த வரிக்குப் பக்கத்தில் ‘கடிதத்தில் இல்லை’ என்று இரண்டே சொல் எழுத வேண்டும். எழுதுவதுதான் முறை. அதைச் செய்யாதவர்களோடுதான் நான் இவ்வளவு காலமும் சண்டை பிடித்திருக்கிறேன். அவர் பார்த்துக்கொண்டே நின்றார். எழுத வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கட்டாயம் எழுதியிருப்பேன். அந்த மனிதன் சொல்லவில்லை.

எழுதாமல் கிழித்துக் கொடுத்தேன். அவர் அதைக் கடிதத்தின் நடுவில் வைத்து மூடி, உட்பைக்குள் போட்டுக்கொண்டு, சாய்ந்து சாய்ந்து லிஃப்டுக்குப் போனார்.

இப்போது அந்தத் தாள் அந்தக் கடிதத்தோடுதான் இருக்கிறது. தாய் போய், மகன் போய், என்றாவது ஒருநாள் என்னைப் போல ஒருத்தி அந்த உறையைத் திறப்பாள். பக்கத்தில் ஒழுங்காக வரி வரியாகப் பிரதி பண்ணிய தாள் இருக்கும். நம்புவாள். பிறகு ஒரு நாள் கடிதத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்து, எழுதின ஆளைப் பல்லைக் கடித்துக்கொண்டு திட்டுவாள். திட்டட்டும். அவள் பக்கந்தான் நியாயம்.